27 லட்சம் டாலர் ஒப்பந்தமும் என் கணக்கு நோட்டும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கள் ஊரான வட கரோலினாவின் கேரியில் வசிக்கும் ஒரு தமிழ்த் தாய் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய மகன் பத்தாம் வகுப்பில் படிக்கிறான்; சிறு வயதிலிருந்து கால்பந்து ஆடியவனைப் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் கிக்கராகச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்; பயிற்சியாளர் அவன் காலைப் பார்த்துவிட்டு, இவன் என்.எஃப்.எல். என்னும் தொழில்முறை லீக் வரை போகக்கூடியவன் என்று சொல்லியிருக்கிறார். "உங்கள் மகன் அந்த வழியில் போய் வந்தவன் என்று கேள்விப்பட்டேன், என்ன செய்ய வேண்டும் என்று கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று கேட்டார். ஒன்றரை மணி நேரம் பேசினோம். பேசி முடித்தபிறகு, 2015-இல் என் மகனும் இதே நிலையில் நின்றபோது இப்படி அழைத்துக் கேட்க எனக்கு ஒருவர்கூட இல்லையே என்று நினைத்து நெடுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவரிடம் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் இங்கே எழுதுகிறேன்.

இந்த ஆட்டத்தை அறியாதவர்களுக்காக முதலில் சிறிது விளக்கம். அமெரிக்கக் கால்பந்து முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் ஆட்டம் என்றாலும், கோல் கம்பத்துக்கு நடுவே பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுப்பதற்கென்றே (இதை ஃபீல்டு கோல் என்பார்கள்) ஒவ்வோர் அணியிலும் ஒருவர் இருப்பார், அவர்தான் கிக்கர். ஸ்நாப்பர் குனிந்து தன் கால்களுக்கிடையே பின்னோக்கி எறியும் பந்தை, ஏழெட்டு கெஜம் பின்னால் மண்டியிட்டிருக்கும் ஹோல்டர் பிடித்துத் தரையில் நிறுத்த, கிக்கர் ஓரிரு எட்டு வைத்து உதைக்க வேண்டும். இவை அத்தனையும் ஏறத்தாழ 1.3 நொடிக்குள் முடிந்துவிடும். என்.எஃப்.எல்.லில் 32 அணிகள் இருக்கின்றன, ஓர் அணிக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு கிக்கர்தான் உண்டு. நாடு முழுவதற்கும் 32 வேலைகள் என்ற இந்த எண்ணை நான் முதலிலேயே உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும்.

ஆரம்பத்தில் ஹோல்டர் வேலையைச் செய்தவள் நான்தான். மாலையில் அலுவலகம் முடிந்ததும் பள்ளி மைதானத்துக்குப் போவோம். பந்தின் ஒரு முனை புல்லில் இருக்க, மறு முனையை என் ஆள்காட்டி விரலால் லேசாக அழுத்திப் பிடிப்பேன். பந்தின் தையல் நாடா கோல் கம்பத்தைப் பார்த்திருக்க வேண்டும், கிக்கரைப் பார்த்திருந்தால் பந்து கோணலாகப் போகும் என்று அவன்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தான். முதல் சில நாட்கள், அவன் கால் என் விரலைத் தாண்டிப் போகும் நொடியில் கண்ணை மூடிக்கொள்வேன். பிறகு அந்த "தொம்" என்ற ஓசையைக் கேட்டே பந்து உள்ளே போகுமா, வெளியே போகுமா என்று சொல்லிவிடுவேன். இரண்டு மாதம் கழித்துப் பந்தை நிறுத்திவைக்கும் இரும்புத் தாங்கி ஒன்றை வாங்கியபோது எனக்குச் சற்று வருத்தமாகவே இருந்தது.

அந்தப் பள்ளிக் காலத்தில் நாங்கள் செய்த முதல் பிழை மிகச் சிறியது. பள்ளி ஆட்டத்தில் இரண்டு அங்குல உயரக் கட்டையின் மேல் பந்தை வைத்து ஃபீல்டு கோல் உதைக்க அனுமதி உண்டு. கோல் கம்பங்களுக்கு இடையே 23 அடி 4 அங்குலம் இருக்கும். கல்லூரியிலும் தொழில்முறை ஆட்டத்திலும் கட்டை கிடையாது, கம்பங்களின் இடைவெளி 18 அடி 6 அங்குலம்தான். என் மகன் மூன்றாண்டுகள் கட்டையின் மேல் உதைத்துப் பழகினான். பள்ளி ஆட்டங்களில் கிடைத்த கைதட்டலை அவனுடைய முழுத் திறமை என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். தரையிலிருந்து உதைக்கத் தொடங்கியதும் பந்து தாழ்ந்து பறந்தது. அதைச் சரிசெய்யவே ஓராண்டு போயிற்று. உங்கள் பிள்ளை கிக்கராக விரும்பினால், ஆட்டத்தில் கட்டையைப் பயன்படுத்தினாலும் பயிற்சியில் முதல் நாளிலிருந்தே தரையில் வைத்து உதைக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது பிழைக்குப் பணம் செலவாயிற்று. கிக்கர்களுக்கென்று தனியார் நடத்தும் முகாம்கள் நிறைய உண்டு. முகாமுக்குப் போனால் நட்சத்திர மதிப்பீடு தருவார்கள்; அடுத்த முகாமுக்கு அழைப்பு வரும்; அங்கே போகாவிட்டால் மதிப்பீடு இறங்கிவிடுமோ என்ற பயம் வரும். 2016-க்கும் 2018-க்கும் இடையே முகாம் கட்டணம், விமானம், விடுதி என்று என் கணக்கு நோட்டில் எழுதியிருக்கும் தொகை 11,400 டாலர். அவனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது இவற்றில் எதனாலும் இல்லை. ஒரு கல்லூரி தன் சொந்தப் பயிற்சியாளர்களைக் கொண்டு நடத்திய ஒருநாள் முகாமில், அந்தப் பயிற்சியாளரே நேரில் பார்த்து எடுத்துக்கொண்டார். அதற்குக் கட்டணம் நூறு டாலருக்கும் குறைவு. ஆகவே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டுவிட்டு முகாமைத் தேர்ந்தெடுங்கள்.

கல்லூரி இடம் என்றதும் நம்மவர்கள் உதவித்தொகையுடன் என்று நினைத்துக்கொள்வார்கள். அந்நாளில் முதல்நிலைக் கல்லூரி அணிகளுக்கு 85 பேருக்குத்தான் உதவித்தொகை தர அனுமதி இருந்தது. கிக்கர்களுக்கு அதில் பங்கு எளிதில் கிடைக்காது. என் மகனுக்குக் கிடைத்தது "விருப்ப வாக்-ஆன்" என்று சொல்லப்படும் இடம்: அணியில் இடம் நிச்சயம், பணம் எதுவும் இல்லை. அதுவும் வெளிமாநிலக் கல்லூரி. சொந்த மாநிலத்திலேயே படித்திருந்தால் ஆகும் செலவைவிட ஆண்டுக்கு ஏறத்தாழ 24,000 டாலர் அதிகம் கட்டினோம். அடுத்த ஆண்டு உதவித்தொகை வந்துவிடும் என்று வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சொன்ன பயிற்சியாளர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். உதவித்தொகை ஐந்தாம் ஆண்டில்தான் வந்தது. எழுத்தில் வராத எதையும் குடும்பக் கணக்கில் வரவு வைக்காதீர்கள்.

2022-ஆம் ஆண்டுப் பருவம் அவனுக்கு நன்றாக அமைந்தது. முகவர்கள் அழைக்கத் தொடங்கினார்கள். அந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதுதான், 2023 ஜனவரி 2-ஆம் தேதி இரவு, சின்சினாட்டியில் நடந்த ஆட்டத்தில் பஃபலோ அணியின் டமார் ஹாம்லின் மோதி எழுந்து நின்று, அப்படியே மல்லாந்து விழுந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். மைதானத்திலேயே மார்பை அழுத்தி அவருடைய இதயத்தை மீண்டும் துடிக்கவைத்தார்கள். நல்லவேளை, அவர் பிழைத்து மறுபடியும் ஆடவும் வந்தார். கிக்கர்கள் அப்படி மோதிக்கொள்வது குறைவு என்று மகன் சமாதானம் சொன்னான், அது உண்மைதான். ஆனால் அன்றிரவு தூக்கம் வராமல் இணையத்தில் தேடியபோதுதான், இந்த லீகில் ஓய்வூதிய உரிமை கிடைக்கவே மூன்று பருவங்கள் கணக்கில் சேர வேண்டும் என்றும், ஹாம்லின் அப்போது இரண்டாம் பருவத்தில்தான் இருந்தார் என்றும் தெரிந்துகொண்டேன். பெரும்பாலான ஒப்பந்தங்களில் உறுதியளிக்கப்பட்ட பணம் மிகக் குறைவு என்பதையும் அன்றுதான் படித்தேன். படித்தேனே தவிர, அது என் மகனுக்கு எப்படிப் பொருந்தும் என்று யோசிக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் திரும்பச் சென்று மாற்ற விரும்பும் இரவு அதுதான்.

பட்டம் பெற அவனுக்கு இரண்டே பாடங்கள் மீதமிருந்தன. அவற்றைத் தள்ளிவைத்துவிட்டு, ஒரு முகவரிடம் கையெழுத்திட்டு, அரிசோனாவில் மூன்று மாதப் பயிற்சிக்குப் போனான். பயிற்சிச் செலவை முகவரே பார்த்துக்கொள்வார் என்று மகிழ்ச்சியாகச் சொன்னான். நாங்களும் மேலே கேட்கவில்லை. என்.எஃப்.எல். முகவருக்கான கட்டணத்துக்கு வீரர் சங்கம் வரம்பு விதித்திருக்கிறது. ஒப்பந்தத் தொகையில் 3 விழுக்காட்டுக்கு மேல் வாங்க முடியாது, வீரருக்குச் சம்பளம் வந்த பிறகுதான் வாங்க முடியும். முகவர் சங்கத்தில் பதிவு பெற்றவரா என்று யாரும் சரிபார்க்கலாம். ஐந்து நாள் முன்னறிவிப்புடன் எழுத்தில் கொடுத்து முகவரை மாற்றிக்கொள்ளவும் உரிமை உண்டு. இவ்வளவு பாதுகாப்பும் முகவர் ஒப்பந்தம் என்ற அந்த ஒரு தாளுக்குத்தான். பயிற்சிச் செலவுக்காக என் மகன் கையெழுத்திட்டது வேறொரு தாள். அது கடன் பத்திரம். முகவர் உறவு எக்காரணத்தால் முறிந்தாலும் 14,600 டாலரைத் திருப்பித் தர வேண்டும் என்று அதன் இரண்டாம் பக்கத்தில் தெளிவாகவே இருந்தது. வீட்டு வாடகையும் சாப்பாடும் அதற்கு மேல் ஏறத்தாழ 6,000 டாலர். அது நாங்கள் அனுப்பியது.

ஏப்ரல் 27-இலிருந்து 29 வரை கன்சாஸ் சிட்டியில், என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நடந்தது. ஏழு சுற்றுகளில் 259 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் கிக்கர்கள் மூவர்: மூன்றாம் சுற்றில் ஜேக் மூடி, நான்காம் சுற்றில் சாட் ரைலண்ட், ஆறாம் சுற்றில் ஆண்டர்ஸ் கார்ல்சன். என் மகன் பெயர் வரவில்லை. ஜஸ்டின் டக்கர், ஆடம் வினாட்டியெரி போன்ற பெரிய கிக்கர்களே டிராஃப்டில் தேர்வாகாதவர்கள்தான் என்று அவனுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தபோது தொலைபேசி ஒலித்தது. டிராஃப்ட் முடிந்ததும் அணிகள் மீதமிருப்பவர்களை நேரடியாக அழைத்து ஒப்பந்தம் செய்யும். மூன்றாண்டு ஒப்பந்தம், குறைந்தபட்சச் சம்பளக் கணக்கின்படி முதல் ஆண்டுக்கு 7,50,000 டாலர், மூன்றாண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 27 லட்சம் டாலர். என் கணவர் அழுதுவிட்டார். மறுவாரம் எங்கள் தமிழ் நண்பர்கள் வட்டத்தில் இனிப்பு வழங்கினோம். மதுரையிலிருந்து என் அண்ணன் அழைத்து, இனி நீ வேலைக்குப் போக வேண்டியதில்லை என்றார்.

அந்தத் தாளில் உண்மையில் இருந்தது என்ன என்பதை, இதைப் படிக்கும் பெற்றோர் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டுகிறேன். ஆண்டுச் சம்பளம் என்று எழுதியிருக்கும் தொகை, செப்டம்பரில் பருவம் தொடங்கி, 53 பேர் கொண்ட இறுதி அணியில் வீரர் இருக்கும் வாரங்களுக்கு மட்டுமே, வாரக் கணக்கில் வருவது. கோடைக்காலத்தில் 90 பேர் வரை வைத்துக்கொண்டு, ஆகஸ்ட் இறுதிக்குள் அணிகள் 53-க்குக் குறைக்கும். விடுவிக்கப்பட்டவர்களில் சிலருக்குப் பயிற்சிக் குழுவில் இடம் கிடைக்கும். 2023-இல் அதற்கு வாரச் சம்பளம் 12,000 டாலர். இரண்டிலும் இடம் கிடைக்காதவருக்கு மிஞ்சுவது கையெழுத்துத் தொகையும் அணியின் கோடைப் பயிற்சி முகாம் நாட்களுக்கான சிறிய வாரப்படியும் மட்டுமே. என் மகனின் கையெழுத்துத் தொகை 5,000 டாலர். 27 லட்சத்தில் அவனுக்கு உறுதியாக இருந்தது அந்த ஐயாயிரம்தான். இந்த ஒப்பந்தத்தில் உறுதியளிக்கப்பட்டது எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து சம்பளம் தொடங்கும் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டிருந்தால் இனிப்புப் பெட்டி வாங்கியிருக்க மாட்டேன்.

கேட்டிருக்க வேண்டிய இன்னொன்று, அந்த அணியில் ஏற்கெனவே இருக்கும் கிக்கர் யார் என்பது. அங்கே பல ஆண்டு அனுபவம் உள்ள ஒருவர், இன்னும் இரண்டாண்டு ஒப்பந்தத்துடன் இருந்தார். கோடைப் பயிற்சியில் அவருடைய கால் களைத்துவிடாமல் இருக்க, பாதி உதைகளைப் பகிர்ந்துகொள்ள இரண்டாவது கால் ஒன்று தேவைப்படும். அதற்காகவே இளைஞர்களை எடுப்பது வழக்கம் என்று பிறகுதான் அறிந்தேன். டிராஃப்ட் முடிந்த அன்று வேறோர் அணியும் அழைத்திருந்தது. அங்கே நிரந்தரக் கிக்கர் இல்லை, கையெழுத்துத் தொகை இரண்டாயிரம் குறைவு. நாங்கள் தொகையைப் பார்த்து முடிவெடுத்தோம்.

ஜூலை இறுதியில் முகாம் தொடங்கியது. பத்தாம் நாள் அவனுக்குத் தொடை இடுக்கில் தசை பிடித்துக்கொண்டது. மருத்துவ உதவியாளரிடம் சொன்னால் ஒதுக்கிவிடுவார்கள் என்ற பயத்தில் வெந்நீரும் வலி மாத்திரையுமாக மறைத்து உதைத்திருக்கிறான். ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் காலை உணவுக்குப் போகும் வழியில் ஒரு பணியாளர் அவன் தோளைத் தொட்டு, மேலாளர் பார்க்க விரும்புகிறார், ஐபேடையும் எடுத்துக்கொண்டு வா என்று சொன்னாராம். ஆட்டத் திட்டங்கள் அந்த ஐபேடில்தான் இருக்கும். அதைக் கேட்டாலே எல்லாருக்கும் புரிந்துவிடும். பேச்சு நான்கு நிமிடத்தில் முடிந்தது. வெளியேறும் மருத்துவப் பரிசோதனையில் வலி ஏதும் உண்டா என்று கேட்டதற்கு இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டான். அறைக்குத் திரும்பியபோது அவன் பெயர்ப் பட்டை எடுக்கப்பட்டிருந்தது. காலணிகளை ஒரு கறுப்புக் குப்பைப் பையில் போட்டுக்கொண்டு விமான நிலையம் போனான். அங்கிருந்து அழைத்தான். "அம்மா, நான் வீட்டுக்கு வர்றேன்" என்றான். நான் விடுமுறை என்று நினைத்து, எத்தனை நாள் இருப்பாய் என்று கேட்டேன். அந்தக் கேள்வியை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

காயத்துடன் இருக்கும் வீரரை அணி வெறுங்கையுடன் அனுப்பிவிட முடியாது. காயம்பட்டோர் பட்டியலில் வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது குணமாகும் வாரங்களைக் கணக்கிட்டு ஒரு தொகை பேசித் தீர்க்க வேண்டும். அணி மறுத்தால், விடுவிக்கப்பட்டதை அறிந்த நாளிலிருந்து 25 நாட்களுக்குள் சங்கத்தின் வழியாக முறையீடு செய்யலாம். எங்களுக்கு இது தெரிந்தபோது செப்டம்பர் இறுதி ஆகிவிட்டது. தவிர, வலி இல்லை என்று அவனே எழுதிக்கொடுத்த தாள் அவர்களிடம் இருந்தது. உங்கள் பிள்ளை இந்தக் கட்டம் வரை போனால், வலி வந்த அன்றே அணியின் மருத்துவரிடம் பதிவு செய்யச் சொல்லுங்கள். இதற்காக அவன் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, வற்புறுத்துங்கள்.

அக்டோபரில் முகவரின் நிறுவனத்திடமிருந்து 14,600 டாலர் கேட்டுக் கடிதம் வந்தது. வழக்கறிஞரிடம் 450 டாலர் கொடுத்துக் கேட்டதில், பத்திரம் செல்லும், தவணைக்குப் பேசிக்கொள்ளுங்கள் என்றார். வரிக் கணக்கிலாவது இந்தச் செலவைக் கழிக்கலாமென்று நினைத்தேன்; 2018 முதல் ஊழியர்கள் தம் பணிக்காகத் தாமே செய்த செலவை மத்திய வருமான வரியில் கழித்துக்கொள்ள முடியாது என்று கணக்காளர் சொன்னார். அந்த ஐயாயிரத்துக்காக, அணி இருக்கும் மாநிலத்திலும் தனியே வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியிருந்தது.

அந்த இலையுதிர் காலத்தில் மூன்று அணிகள் அவனைத் தேர்வுக்கு அழைத்தன. இத்தகைய தேர்வுகள் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைகளில், வீரர்களின் ஓய்வு நாளில், நடக்கும். விமானமும் விடுதியும் அணியின் செலவு. நான்கைந்து கிக்கர்களை வரிசையில் நிறுத்தி ஆளுக்குச் சில உதைகள், பிறகு நன்றி, வீட்டுக்குப் போகலாம். திங்கள் மாலை அழைப்பு வந்தால் இரவே கிளம்ப வேண்டும் என்பதால் அவனால் எந்த வேலையிலும் சேர முடியவில்லை. ஐந்து மாதம் தொலைபேசியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினான். அதே பருவத்தில்தான் பிராண்டன் ஆப்ரி, சில ஆண்டுகளுக்கு முன்புவரை மென்பொருள் பொறியாளராக இருந்தவர், டாலஸ் அணியில் சேர்ந்து தன் முதல் 35 ஃபீல்டு கோல்களையும் தவறவிடாமல் உதைத்தார். எல்லாரும் அந்தச் செய்தியை எனக்கு அனுப்பி, உன் மகனும் பொறுத்திருக்கட்டும் என்றார்கள். அவருடைய வெற்றியில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அவர் கையில் ஒரு பட்டமும் ஒரு வேலையும் இருந்தன. வேலை பார்த்துக்கொண்டே உதைக்கப் பழகியவர் அவர். என் மகனிடம் அப்போது இரண்டும் இல்லை.

டிசம்பரில் நானும் அவனும் மேசையில் உட்கார்ந்து ஒரு தேதி குறித்தோம்: மார்ச் 1-க்குள் ஒப்பந்தம் வராவிட்டால் கல்லூரிக்குத் திரும்புவது. தேதி குறித்த அன்றிரவு அவன் நன்றாகத் தூங்கினான். முன்பே குறித்திருக்கலாம்.

எல்லாவற்றையும்விட என்னை வாட்டியது தனிமை. இனிப்பு கொடுத்த வீடுகளுக்குப் போய், அனுப்பிவிட்டார்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. நான்கு மாதம் கோயிலுக்கும் பொங்கல் விழாவுக்கும் போகாமல் இருந்தேன். மதுரைக்கும் சொல்லவில்லை, அணியில்தான் இருக்கிறான் என்று அண்ணனிடம் பொய் சொன்னேன். மகனோ, நான் வெட்கப்படுகிறேன் என்று நினைத்துத் தன் அறைக்குள்ளேயே இருந்தான். கடைசியில் அவனே ஒரு நாள் மாமாவுக்கு அழைத்துச் சொல்லிவிட்டான். அண்ணன் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "படிப்பை முடிச்சிடுடா கண்ணு" என்று மட்டும் சொன்னாராம். முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தால், நாங்கள் மூன்று பேரும் அவ்வளவு காலம் ஒரே வீட்டில் தனித்தனியாக இருந்திருக்க மாட்டோம்.

2024-இல் அந்த இரண்டு பாடங்களையும் முடித்தான். இப்போது ராலியில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை செய்கிறான். முகவருக்கான தவணையின் கடைசிக் காசோலையைச் சென்ற பிப்ரவரியில் அவன் சம்பளத்திலிருந்தே அனுப்பினான். நான் பேசிய தாயின் மகனுக்கு வரும் சனிக்கிழமை தரையிலிருந்து உதைக்கக் கற்றுத்தருவதாகச் சொல்லியிருக்கிறான். இரும்புத் தாங்கியை எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை. கிடைக்காவிட்டால் பந்தைப் பிடிக்க நான் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.